சும்மா கிடைத்த பூனைக்குட்டிக்கு முதல் வருட வைத்தியச் செலவு: எது முதலில், எது பிறகு

திருகோணமலையில் எங்கள் வீட்டுக்கு இதுவரை நான்கு பூனைகள் வந்திருக்கின்றன. ஒன்றையும் காசு கொடுத்து வாங்கவில்லை. ஆனால் முதல் பூனைக்கு முதல் வருடம் டொக்டரிடம் கட்டிய காசு, அடுத்து வந்த இரண்டுக்கும் சேர்த்துக் கட்டியதைவிடக் கூட. அதற்கு நோய் அதிகம் வந்தது என்றில்லை. பூச்சி மருந்து கொடுக்காமல் ஊசிக்குக் கொண்டு போனேன், வயிற்றோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது ஊசிக்கு இரண்டு மாதம் பிந்திப் போனதில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. கருத்தடையை "பிறகு பார்ப்போம்" என்று விட்டதில் குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் ஐந்து குட்டிகள். வரிசை பிழைத்தால் ஒரே செலவை இரண்டு தரம் கட்ட வேண்டி வரும்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர் என்று பலபேருடன் கூடை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஏறத்தாழ ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

ரூபாக் கணக்கை வேண்டுமென்றே எழுதவில்லை. பூனை ஊசியும் மருந்தும் பெரும்பாலும் இறக்குமதி. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களிலேயே 360 வரை போனபோது, அதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த விலைகளெல்லாம் ஒரு மாதத்தில் செல்லாக்காசாகிவிட்டன. ஆனால் எந்த வயதில், எத்தனை தரம், என்ன காரணத்துக்கு என்பது மாறாது. அதைத் தருகிறேன், விலையை நீங்கள் போனில் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

1. குட்டி வருவதற்கு முன் போன் எடுங்கள்

பலர் குட்டியை எடுத்து வந்து, அது சோர்ந்து படுத்த பிறகுதான் "திருமலையில் பூனைக்கு யார் பார்ப்பார்கள்?" என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் கிடைக்கிற முதல் ஆளிடம் போவோம், கேட்கிற காசைக் கொடுப்போம். ஆகவே தேடலை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகம், மற்றது தனியார் கிளினிக். அரசாங்க இடத்தில் கட்டணம் குறைவு, ஆனால் அவர்களுடைய முதல் வேலை மாடு, ஆடு, கோழி. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பட்டிகள் எவ்வளவு என்று தெரியும்தானே. டொக்டர் வெளிவேலைக்குப் போயிருந்தால் நீங்கள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாங்கிலில் இருக்க வேண்டியதுதான். சனி, ஞாயிறு, போயா நாட்களில் பூட்டு. எனவே போக முன் போன் பண்ணி, டொக்டர் அலுவலகத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டு இடத்துக்கும் பேசி இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பார்க்கிற கட்டணம் தனியா, ஊசி விலைக்குள் அடக்கமா? பூனைக்கான கூட்டு ஊசி கைவசம் இருக்கிறதா, சொல்லி எடுப்பிக்க வேண்டுமா? பெட்டைக்கும் கடுவனுக்கும் கருத்தடை எவ்வளவு, அதற்குள் என்னென்ன அடக்கம்? இரவில் அவசரமென்றால் யாருக்கு அழைப்பது? கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்கிற இடத்தையே நான் தெரிவு செய்வேன், கட்டணம் கொஞ்சம் கூட என்றாலும்.

ஊசி மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பொலித்தீன் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டு, கச்சான் வெயிலுக்குள்ளால் அரைமணி நேரம் ஓடினால் மருந்தின் வீரியம் போய்விடும். முழு விலை கொடுத்துப் போட்ட ஊசி வேலை செய்யாது, அது வேலை செய்யவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியவராது. ஐஸ் போட்ட சிறிய பெட்டி ஒன்று போதும், ஐஸ் மருந்தில் நேரே முட்டாமல் ஒரு துணியைச் சுற்றுங்கள்.

வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை அதிகமில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை, பழைய துவாய், குசினித் தராசு, நெருக்கமான பல்லுள்ள சீப்பு, ஒரு கொப்பி. கூடையில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் குட்டியை உரப்பைக்குள் கட்டி ஓட்டோவில் கொண்டு போனான். அநுராதபுரச் சந்தியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடிக்க, குட்டி பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து ஒரு கடையின் பின்பக்கம் போனது, பிடிக்க இரண்டு நாள். ஓட்டோக் காசு, டொக்டரின் நேரம், கையில் ஏறிய நகக்கீறலுக்கு ஆசுபத்திரி என்று கூட்டிப் பார்த்தால் கூடையின் விலை ஒன்றுமே இல்லை.

2. தூக்குவதற்கு முன் குட்டியைப் பாருங்கள்

செலவைத் தீர்மானிப்பது வயதும், ஆணா பெண்ணா என்பதும், அன்றைய உடல்நிலையும்.

வயதைக் கொடுப்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், "ரெண்டு மாசம் இருக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். குட்டியின் கண் இன்னும் நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஏழு வாரத்துக்கு உட்பட்டது. எட்டு வாரத்தில் பால்பல் எல்லாம் முளைத்திருக்கும். நிறை, நன்றாக வளர்ந்த குட்டியென்றால், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 450 கிராம், இரண்டு மாதத்தில் 900. சந்தையடிக் குட்டிகள் இதைவிட மெலிவாகத்தான் இருக்கும், ஆனால் எட்டு வாரம் என்று சொல்லித் தந்த குட்டி 400 கிராம் இருந்தால் ஒன்றில் வயது பொய், இல்லாவிட்டால் வயிறு நிறையப் பூச்சி. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருந்தால் உங்களுக்கே இலாபம். தாய்ப்பால் வைத்தியத்துக்குக் காசு கேட்காது.

ஆணா பெண்ணா என்று வாலைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு துவாரங்களும் நெருக்கமாக, கீழே உள்ளது கோடு போல இருந்தால் பெட்டை. இடைவெளி அதிகமாக, கீழே உள்ளது புள்ளி போல இருந்தால் கடுவன். நிறமும் கொஞ்சம் சொல்லும். செம்மஞ்சள் பூனைகளில் பெரும்பாலானவை கடுவன், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த, அல்லது மூன்று நிறம் உள்ள பூனை அநேகமாக எப்போதும் பெட்டை. பெட்டைக்குக் கருத்தடை செய்ய வயிற்றைத் திறக்க வேண்டும், அதனால் செலவு கூட. கொப்பியில் அந்த வரியை இன்றைக்கே சரியாக எழுதலாம்.

பிறகு கண்ணில் பூழை, மூக்கில் ஒழுக்கு, தும்மல், காதுக்குள் கோப்பித்தூள் போலக் கறுப்பு அழுக்கு, கம்பிபோலக் கைகாலோடு பானைபோல வயிறு, வாலடியில் ஒட்டிய மலம், காதோரத்தில் வட்டமாக மயிர் உதிர்ந்த இடம். கோப்பித்தூள் என்றால் காதுச் சிற்றுண்ணி, வட்டம் என்றால் படர்தாமரையாக இருக்கலாம், அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். இவை இருந்தால் எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே எடுத்திருக்கிறேன். முதல் மாதத்தில் ஒன்றிரண்டு தரம் கூடுதலாக டொக்டரிடம் போக வேண்டி வரும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

"ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று கொடுப்பவர் சொன்னால் அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், திகதி, டொக்டரின் ஒப்பம் இல்லாவிட்டால் ஊசி போடவில்லை என்றே கணக்கு.

3. இரண்டு வாரம் தனி அறை

வீட்டில் வேறு பூனை இருந்தால் இது கட்டாயம். பான்லூக்கோபீனியா என்ற வைரசுக் காய்ச்சல் குட்டிகளைக் கூட்டமாக வாரிக்கொண்டு போகும். தொற்றிய பின் சத்தியும் வயிற்றோட்டமும் தெரியவே சில நாள் எடுக்கும், ஆகவே வந்த அன்று நன்றாக விளையாடிய குட்டி நாலாம் நாள் படுத்துவிடலாம். 14 நாள் பிரித்து வைத்திருந்தால் ஒரு பூனைக்குத்தான் வைத்தியம். முதல் நாளே சேர்த்துவிட்டால் எல்லாவற்றுக்கும்.

குளியலறை போதும். தனித் தட்டு, தனி மணல் தட்டம், குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். கடல் மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள், ஈரமும் உப்பும் சேர்ந்து நாற்றமெடுக்கும். கழுவிக் காயவிட்டால் பிழையில்லை.

முன்பு இந்த நோயில் குட்டி செத்த வீடு என்றால் இன்னும் கவனம், அந்த வைரசு தரையிலும் சாக்கிலும் ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும். சோப்பு அதைக் கொல்லாது. உடுப்பு வெளுக்கிற குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள். டெட்டோல், பினைல் வேண்டாம். அந்த வகை மருந்துகளைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது, நடந்த காலை நக்கியே நஞ்சேறும்.

4. முதல் தரம் டொக்டரிடம்: ஊசிக்காக அல்ல

குட்டி நன்றாகச் சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குப் பழகவிட்டுக் கொண்டு போங்கள். வயிற்றோட்டம், சத்தி, கண் ஒட்டுதல் இருந்தால் அன்றைக்கே. காலை வேளையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. மத்தியானச் சூட்டில் மூடிய கூடைக்குள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற குட்டியை டொக்டர் சரியாகப் பார்க்கவும் முடியாது.

பலர் ஊசி போடுவதற்கென்றே போய், "இன்றைக்குப் போட முடியாது" என்றதும் கோபப்படுகிறார்கள். நோயோடு இருக்கிற உடம்புக்கு ஊசி போட்டால் அது சரியாக வேலை செய்யாது, அவர் உங்கள் காசைத்தான் மிச்சம் பிடிக்கிறார். முதல் தரம் போவதில் கிடைக்க வேண்டியவை நிறை, காய்ச்சல் (பூனைக்கு 38 முதல் 39 வரை சாதாரணம், நம்முடைய கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம்), காது, வாய், வயிறு, பின்பு எழுத்தில் ஒரு திகதி அட்டவணை. அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள்.

கொண்டு போக வேண்டியது: அன்று காலை போட்ட மலம் கொஞ்சம், மூடியுள்ள யோகட் கோப்பையில். சிரிக்காதீர்கள். எந்தப் பூச்சி என்று தெரிந்தால் ஒரு மருந்தோடு முடியும், தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தும்மலோ வலிப்போ இருந்தால் போனில் வீடியோ எடுங்கள், டொக்டரின் மேசையில் ஏறியதும் குட்டி நல்ல பிள்ளையாகிவிடும்.

வேறு பூனை வீட்டில் இருந்தாலும், வந்தது தெருவில் திரிந்த பெரிய பூனையென்றாலும், பூனை வெண்குருதி வைரசு, பூனை எயிட்ஸ் இரண்டுக்கும் ஒரு துளி இரத்தத்தில் செய்கிற விரைவுச் சோதனை உண்டா என்று கேளுங்கள். மனிதருக்குத் தொற்றாது, பூனைக்குப் பூனை தொற்றும். ஒற்றைப் பூனை வீட்டில் இதைப் பிந்திப் போடலாம்.

முதல் மாதத்தில் டொக்டர்மார் பார்க்கிற வயிற்றோட்டங்களில் பாதியாவது பால்மாவால்தான் என்று நான் நினைக்கிறேன். தாயை விட்டு வந்த குட்டிக்கு மாட்டுப்பால், பால்மா இரண்டும் ஒத்துக்கொள்ளாது, தண்ணீரும் வேகவைத்த மீனும் கோழியும் போதும், முடிந்தால் குட்டிகளுக்கான பூனைத் தீனும். மீன் எங்களுக்குக் குறைவில்லாத ஊர் என்பதற்காகச் சூடையையும் கீரியையும் பச்சையாக நாள்தோறும் போடாதீர்கள். இப்படியான சில மீன்களில் உள்ள ஒரு நொதி உயிர்ச்சத்து பி1 ஐ அழித்துவிடும், சில வாரங்களில் குட்டி தள்ளாடத் தொடங்கும். அவித்தால் அந்த நொதி செத்துவிடும்.

காய்ச்சல் என்று பனடோல் கொடுக்க வேண்டாம், கால் துண்டுகூட வேண்டாம். ஒரு முழுக் குளிசை வளர்ந்த பூனையையே கொல்லப் போதுமானது.

5. பூச்சியும் தெள்ளும், ஊசிக்கு முன்

குட்டிக்குப் பூச்சி தாய்ப்பாலாலேயே வந்துவிடும். அதனால் "வீட்டுக்குள்தானே இருக்குது" என்பது இங்கே செல்லாது. எட்டு வாரத்தில் வந்த குட்டிக்கு 8, 10, 12 வாரங்களில், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு தரம். இத்தனை தரம் ஏன் என்றால் மருந்து குடலில் இருக்கிற பூச்சியைத்தான் கொல்லும், உடம்புக்குள் வளர்ந்துகொண்டிருப்பவை இரண்டு வாரம் கழித்து அங்கே வந்து சேரும். ஒரு தரம் கொடுத்துவிட்டு, மலத்தில் நூல் நூலாக விழுந்ததைப் பார்த்து, "எல்லாம் போயிட்டுது" என்று நிறுத்துவதுதான் பெரிய பிழை.

மருந்தின் அளவு நிறைக்கு. குசினித் தராசில் ஒரு கோப்பையை வைத்துச் சைபராக்கி, குட்டியை உள்ளே விட்டு, அது ஒரு வினாடி அசையாமல் இருக்கிற நேரம் பார்த்து எழுதுங்கள். கண்மதிப்பில் 700 கிராம் என்று நினைத்தது தராசில் 480 என்று வரும்.

வாலடியில் அரிசி மணி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதற்குச் சாதாரணமாகக் குட்டிகளுக்குக் கொடுக்கிற பைரன்டெல் போதாது, பிரசிகுவான்டெல் சேர்ந்தது வேண்டும். அந்தப் புழு பூனைக்கு வருவது பெரும்பாலும் தெள்ளைக் கடித்து விழுங்குவதால். தெள்ளை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மாதம் அதே புழு, அதே செலவு.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. சீப்பால் முதுகை வாரி, வருகிற கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் பொடியைச் சுற்றி செங்கபில வட்டம் பரவினால் அது மண்ணல்ல, தெள்ளின் எச்சம், அதாவது குட்டியின் இரத்தம். மெலிந்த குட்டியைத் தெள்ளே இரத்தம் வற்றச் செய்து கொன்றுவிடும்.

இனி நான் செய்த மடத்தனம். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து வீட்டில் மிச்சம் இருந்தது, "ஒரு துளிதானே" என்று பூனையின் பிடரியில் விட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் காது துடித்தது, பிறகு கால், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே போன் எடுத்தேன். இரண்டு நாள் சேலைன். அந்த மாதம் மற்றச் செலவெல்லாம் அதற்குள் அடங்கிப் போனது. பல நாய் மருந்துகளில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பெட்டியில் பூனை என்று எழுதியிராவிட்டால், பவுடர் என்றாலும் ஷாம்பூ என்றாலும் தொடாதீர்கள். செலமெக்டின் என்ற பிடரித் துளி கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், தெள்ளு, காதுச் சிற்றுண்ணி, உருண்டைப்புழு மூன்றுக்கும் ஒன்றே போதும் என்பதால் மொத்தத்தில் மலிவு.

6. ஊசி: இடைவெளிதான் காசு

கூட்டு ஊசி, டொக்டர்மார் ட்ரைகெட் என்று சொல்வது, மூன்று நோய்க்கு: பான்லூக்கோபீனியா, பிறகு பூனைத் தடிமனைக் கொண்டுவரும் ஹெர்பிஸ், கலிசி வைரசுகள். 8, 12, 16 வாரங்களில் மூன்று தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், டொக்டர் ஒரு வாரம் முன்பின்னாகச் சொல்லலாம்.

"ஒன்று போட்டால் போதாதா, டொக்டர் காசுக்குச் சொல்றார்" என்று என் மாமியே சொன்னார். விஷயம் இதுதான், மாமி: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்குள் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்து அழித்துவிடும். அது எந்தக் குட்டியில் எந்த வாரம் தீருகிறது என்று வெளியே தெரியாது. சிலதில் எட்டில், சிலதில் பதினாலில். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட்டு, 16 வாரத்திலோ அதன் பிறகோ ஒன்றாவது விழும்படி பார்க்கிறார்கள். மூன்றில் ஒன்றைக் கைவிடுவதென்றால் கைவிடக்கூடாதது கடைசி ஊசி, நாங்கள் கைவிடுவதும் அதைத்தான்.

இரண்டு ஊசிக்கிடையில் மூன்று நான்கு வாரம். ஆறு வாரத்துக்கு மேல் போனால் டொக்டர் கூடுதலாக ஒன்று போடச் சொல்வார். தைப்பொங்கல், கோயில் திருவிழா, மழை என்று நாள் தள்ளிப்போவது எங்கள் ஊரில் சாதாரணம், ஐப்பசி கார்த்திகையில் ரோட்டில் வெள்ளம் நிற்கும்போது கூடையோடு யார் போவார்? ஆகவே திகதியைப் பார்த்ததும், 16 வார ஊசியைத் தவிர மற்றதை முன்னால் ஒரு வாரம் இழுக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னால் தள்ளாதீர்கள்.

பெரிய பூனையாக வந்ததென்றால் கூட்டு ஊசி இரண்டு, மூன்று நான்கு வார இடைவெளியில். அவ்வளவுதான்.

விசர் தடுப்பூசி பொதுவாக 12 வாரத்தில். கூட்டு ஊசியின் இரண்டாவதோடு ஒரே நாளில் கேளுங்கள், ஒரு ஓட்டோக் காசும் ஒரு பார்வைக் கட்டணமும் மிச்சம். அந்தப் பக்கத்தில் விசர் நாய் கண்டிருந்தால் டொக்டர் முந்தியே போடச் சொல்லலாம். சுகாதாரப் பகுதி இதை இலவசமாகவும் போடுகிறது, நாய்க்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், பூனைக்கும்தான். உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். போட்டதும் அட்டையில் எழுதி வாங்குங்கள், அட்டை இல்லாத ஊசியை அடுத்த டொக்டர் கணக்கில் எடுக்க மாட்டார்.

ஊசி போடாத குட்டி கடித்தால், இரத்தம் வரக் கீறினால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆசுபத்திரியில் காசில்லை. மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

7. கருத்தடை: 18 வாரத்துக்கும் 22 வாரத்துக்கும் இடையில்

கடைசிக் கூட்டு ஊசி 16 வாரத்தில், உடம்பு அதற்குப் பழக இரண்டு வாரம், ஆகவே 18 வாரத்திலிருந்து நாள் கேட்கலாம். பெட்டை நான்கு மாதத்திலேயே சினைப்படக் கூடியது, சினைக்காலம் ஒன்பது வாரம், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். "ஒரு தரம் குட்டி போடட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது" என்பது பேச்சு மட்டும்தான். ஐந்து குட்டி என்றால் இதுவரை எழுதிய பூச்சி மருந்தையும் ஊசியையும் ஐந்தால் பெருக்குங்கள்.

தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கி, இரவிரவாகக் கத்தத் தொடங்கிவிட்டால் பருவம் வந்துவிட்டது. அப்போது இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் சத்திரசிகிச்சை கடினம், சில இடத்தில் கட்டணமும் கூட. சினைப்பட்ட பின் என்றால் இன்னும் கூட.

விலை கேட்கும்போது எல்லாரும் ஒரு தொகையைச் சொல்வார்கள். மயக்க மருந்து, வலி மருந்து, கழுத்துக் கவசம், தையல் பிரிக்கிற நாள் இவையெல்லாம் அதற்குள்ளா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குறைந்த தொகை சொன்ன இடம் கடைசியில் கூடுதலாக முடிந்ததை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். வலி மருந்தை மட்டும் வெட்டாதீர்கள். கழுத்துக் கவசத்தை வேண்டுமானால் விடலாம், பழைய பெனியனில் நாலு கால் ஓட்டை வெட்டிப் போட்டுவிட்டால் குட்டி தையலை நக்காது.

பட்டினி விஷயத்தில் பிழை விடுகிறார்கள். வளர்ந்த பூனைக்கு முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்துவார்கள். ஐந்து மாதக் குட்டியை அப்படி முழு இரவும் முழுக் காலையும் பட்டினி போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், குட்டிக்கு நாலைந்து மணித்தியாலப் பட்டினியே போதுமாக இருக்கும். சரியான நேரத்தை உங்கள் டொக்டரிடம் கேட்டு எழுதுங்கள். "பாவம், பசிக்குது" என்று காலையில் ஒரு துண்டு மீன் கொடுத்தால் மயக்கத்தில் சத்தி எடுத்து மூச்சுக்குழலுக்குள் போகும், அல்லது அன்றைக்குச் செய்யாமல் திருப்பி அனுப்புவார்கள்.

வெளித்தையல் என்றால் 10 முதல் 14 நாளில் பிரிக்க வேண்டும். அதுவரை அலுமாரி உச்சி, மதில் இரண்டும் தடை.

8. கொப்பியின் முதல் பக்கம்

எட்டு வாரத்தில் வந்த, நோயில்லாத ஒரு குட்டிக்கு முதல் வருடம் இப்படி வரும்: டொக்டரிடம் ஐந்து தரம் (8, 12, 16 வாரம், சத்திரசிகிச்சை, தையல்), கூட்டு ஊசி மூன்று, விசர் ஊசி ஒன்று, பூச்சி மருந்து எட்டு, தெள்ளு மருந்து மாதம் ஒன்று, கருத்தடை ஒன்று, போக்குவரத்துப் பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே போனில் கேட்ட விலையைப் போட்டுப் பெருக்குங்கள்.

கூட்டுத்தொகை பெரிதென்றால் குறைக்கக்கூடிய இடங்கள் உண்டு: விசர் ஊசியை இலவச முகாமில், பூச்சி மருந்தை நிறை பார்த்து டொக்டர் எழுதித் தந்தபடி வீட்டில். குறைக்கக்கூடாதவை 16 வார ஊசியும் கருத்தடையும்.

இரண்டாம் வருடம் மிகச் சிறியது. கூட்டு ஊசி ஒன்று, விசர் ஒன்று, பூச்சி மருந்து நான்கு. அதன் பிறகு கூட்டு ஊசி வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒன்றா என்பதைப் பூனை வெளியே திரிவதை வைத்து டொக்டர் சொல்வார்.

9. தொடாத காசு

பெட்டைக் கருத்தடைக்குச் சொன்ன தொகையை இரண்டால் பெருக்கி, அதை ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். கடுவன் என்றாலும் பெட்டையின் தொகைதான் கணக்கு. இது என் சொந்த அளவு, இதுவரை அதற்குள் சமாளித்திருக்கிறேன்.

எதற்கு அதைத் திறப்பது? கடுவன் மணல் தட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் சிறுநீர் அடைப்பு, அன்றைக்கே போக வேண்டும், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. குட்டி ஒரு முழு நாள் ஒன்றும் தின்னாமல் இருப்பது.

பிறகு எங்கள் ஊருக்கென்றே ஒன்று, தங்கூசி. மீன் தலையோடு தூண்டில் நூலையும் சேர்த்து விழுங்கிவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே மறுமுனை மாட்டியிருக்கும், இழுக்க இழுக்கக் குடல் சுருங்கி நூலே கத்திபோல அறுக்கும். வெளியே தெரிகிற நூலை அப்படியே விட்டுவிட்டு, நக்காமல் துவாயில் சுற்றிக் கொண்டு போங்கள். தூண்டில் உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம்.

இங்கே முடியாதென்றால் பேராதனை, பல்கலைக்கழகக் கால்நடை வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வான் பிடிக்கிற காசுதான் பெரிது, ஆகவே கிளம்பு முன் இங்குள்ள டொக்டரைக் கொண்டு அங்கே பேசி, இன்றைக்குப் பார்ப்பார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் கொடுத்த மருந்தின் பெயர், நேரம், எக்ஸ்ரே எல்லாம் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து எடுப்பார்கள். கூடையைப் பாதி மூடி துவாய் போட்டு, ஏசி இல்லாத வானென்றால் விடியற்காலை நாலு மணிக்கே புறப்படுங்கள், கொப்பி கூடைக்கு மேலே.